நகம் சிக்கினால்

நாளைக்கு இது பொண்ணு காடி.
நாத்தனார் தமயந்தி பின் சீட்டில் உட்கார்ந்து
கோலக்கெட்டில் மண்டபத்துக்குப் போவாள்.
அதற்குள் இந்த வீராவின் மேல் ஏறியிருக்கும்
பதினெட்டு வருஷ வெயிலை
நான் தேய்த்து எடுக்க வேண்டும்.
அவருக்கு இடுப்பு வலி.
இடுப்பு வலிக்கு ஃபேன் காற்று நல்லதாம்.

ஆ ஹெங் கடையில் டின் மெழுகு இருபத்தாறு வெள்ளி.
கூடவே இலவசமாய் ஒரு பாடம்:
"கொஞ்சம் கொஞ்சமா தேய், தங்கச்சி.
கீறல் மேல நகத்த ஓட்டிப் பாரு.
சிக்கலன்னா போயிடும்.
சிக்கிச்சுன்னா நீ எவ்ளோ தேய்ச்சாலும் போவாது."

கழுவினேன்.
பால் லோரி தெறித்துவிட்டுப் போன புள்ளிகள்,
ஜம்பு மரத்துப் பிசின்,
காக்கை எச்சம் பெயிண்டைத் தின்ற இடம்.
காம்பவுண்டைத் தொட்டு
பானெட்டில் தோசை வார்க்கிற மாதிரி
வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
பழைய பனியன் சிவந்து போனது.
காடிக்குக் காயம் பட்டதென்று கையை எடுத்துவிட்டேன்.
"பழைய பெயிண்டு அப்படித்தான்,"
வேலிக்கு அந்தப் பக்கம் கமலவேணி துணி காயப்போட்டபடி,
"சாயம் போற சேலை மாதிரி. பயப்படாத, இன்னும் இருக்கும்."

இருந்தது.
மதியத்துக்குள் கூரையில் ஜம்பு மரம் தலைகீழாய் நின்றது.

ஆ ஹெங்கின் பாடம் மட்டும் எனக்கு உதவவில்லை.
கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம்.
ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது புவான் ரோஹானி
எங்கள் விரல்களைத் திருப்பிப் பார்ப்பாள்.
நுனியில் வெள்ளை தெரிந்தால் நகவெட்டியை நீட்டுவாள்.
எனக்கு எந்தக் கீறலும் சிக்காது.
என் விரலுக்கு எல்லாமே வழவழப்புதான்.

அவர் பக்கத்துக் கதவு.
கைப்பிடிக் குழிக்குள் சாவிக்கொத்தும் மோதிரமும்
போட்ட கோடுகள், தெரிந்த கையெழுத்து.
பின் கதவுகளில் பிள்ளைகளின் மைலோ.
பிறகு முன்பக்க இடது கதவு,
என் கதவு.

குழிக்குள் துணியை நுழைத்தபோது
வெயில் சாய்ந்து உள்ளே விழுந்தது.
பிறை பிறையாய்,
மெல்லிசாய், ஒன்றின்மேல் ஒன்று,
கோழி கிளறின மண் மாதிரி.

மாமி காலை நீட்ட வேண்டும், பின் சீட்டுதான்.
தமயந்தி நகம் கடிப்பாள்.
பிள்ளைகளுக்கு முன்னால் இடமே கிடையாது.
நான் இன்னும் கொஞ்சம் காம்பவுண்ட் எடுத்தேன்.
தேய்த்தேன்.
தோள் கடுக்கிறவரை தேய்த்தேன்.
பாதி போனது.

கமலவேணியின் மகள் மருதாணிக் கையோடு வந்து நின்றாள்,
நாளைக்காக வளர்த்த நகங்கள், முத்து நிறம்.
"இதுல ஓட்டிப் பாரேன், ஜெயப்ரதா."
கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
விரலை விட்டாள்.
எவ்வளவு சுலபமாய்ப் பொருந்தியது அந்த வளைவில்.
"சிக்குதுக்கா," என்றாள்,
நகம் உடையவில்லையே என்று பார்த்துக்கொண்டே.

"முடிஞ்சிச்சா?" உள்ளேயிருந்து அவர்.
"ஒரு கதவு பாக்கி."
"நாலரைக்கு ரிப்பன் கட்ட ஆள் வந்துருவான்."
டின்னில் மெழுகு இன்னும் பாதி இருந்தது.
மூடியை அழுத்தி மூடினேன்.

ஐந்தரைக்கு பாலிங் பக்கமிருந்து மழை.
ரிப்பன் ஆளையும் காணவில்லை.
பானெட்டில், கூரையில், மற்ற மூன்று கதவுகளில்
வாழையிலையில் தெளித்த தண்ணீர்போல
மணி மணியாய்த் திரண்டு
ஒட்டாமல் ஓடியது.
ஒரு கதவில் மட்டும்
நனைந்த பேப்பராய்ப் பரந்து நின்றது.

கோப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்தார்.
இடுப்பு நேராய் இருந்தது.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"அந்தக் கதவுல மட்டும் தண்ணி ஒட்டுதே?"

"நகம் சிக்குது," என்றேன்.

"என்னது?"
தகரக் கூரையில் மழை பலமாய்
இறங்கிக்கொண்டிருந்தது.